வெள்ளைத்துரை ஒட்டிய எல் போர்டு

எம். புதுப்பட்டியில் பட்டாசு கம்பெனி நடத்தும் வெள்ளைத்துரைக்கு ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருடமாகக் காரில் போகிறவர், ஆனால் ஓட்டத் தெரியாது. தீபாவளி சீசனில் அவருடைய டிரைவர் கூடுதல் சம்பளத்துக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட, அந்தக் கோபத்தில் புது கார் வாங்கி, இனித் தானே ஓட்டப்போவதாக அறிவித்தார். கையில் இருந்தது ஓட்டிப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். மட்டும். மனைவி பொன்னுத்தங்கம் போன வருடமே பயிற்சிப் பள்ளிக்குப் போய் லைசென்ஸ் எடுத்திருந்தார். அது அந்த வீட்டில் பேசப்படாத செய்தி.

இன்ஷூரன்ஸ் போட வந்தவன் ஒன்றுவிட்ட தங்கை மகன் சரவணக்குமார். அந்தக் குடும்பத்தில் பாலிசியைப் படித்து யாரும் எடுத்ததில்லை. ஏஜெண்ட் எந்த வழியில் சொந்தம் என்று பார்த்துத்தான் எடுப்பார்கள்.

"மாமா, மூணு விதம் இருக்கு. அடுத்தவுகளுக்கு நம்மால சேதம் ஆனா மட்டும் கொடுக்கிறது ஒண்ணு. நம்ம காருக்கும் சேத்துக் கொடுக்கிறது ஒண்ணு. தேய்மானம் கழிக்காமக் கொடுக்கிறது பம்பர் டு பம்பர். புதுசா ஓட்டுறவுகளுக்கு அதான் தோது. அங்கன இங்கன உரசுவீக."

"யாருலே உரசுறது?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மாமா. ஆனா எதப் போட்டாலும், லைசென்ஸ் வார வரைக்கும் முன்னயும் பின்னயும் எல் போர்டு ஒட்டணும். லைசென்ஸ் உள்ளவுக ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். இல்லேன்னா நம்ம வண்டிக்குப் பைசா வராது."

"இருக்கிறதுலயே கூடுனதப் போடுலே" என்றார் வெள்ளைத்துரை. விலை கூடினால் நிபந்தனை குறையும் என்பது அவர் கொள்கை.

போர்டுகளைப் பற்றியும் அவருக்குக் கொள்கை உண்டு. 'இவ்வறையில் நால்வருக்கு மேல் வேலை செய்யக் கூடாது' என்ற போர்டு அவர் கம்பெனியில் ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருந்தது. அதிகாரிகள் வருவதாகப் போன் வந்தால் போர்டு சுவரில் ஏறும். நால்வருக்கு மேற்பட்டவர்கள் பின்வாசல் வழியே வேப்பமரத்தடிக்குப் போவார்கள். ஜீப் கிளம்பியதும் போர்டும் ஆட்களும் பழைய இடத்துக்கு வந்துவிடுவார்கள். பார்க்க வருகிறவர்களுக்காக வைப்பதுதான் போர்டு. அந்த அறையில் இருக்கும் வெடிமருந்துக்குப் படிக்கத் தெரியாது என்பதை அவர் யோசித்ததில்லை. எல் போர்டு ஸ்டிக்கர்களும் அப்படியே காரின் டேஷ்போர்டுக்குள் போயின.

"ஒட்டித்தான் தொலைங்களேன், ஒரு எழுத்துதான?" என்றார் பொன்னுத்தங்கம்.

"முப்பது வருசமா கார்ல போறவன், நெத்தியில எல்லுன்னு ஒட்டிக்கிட்டு அலையவா?"

"கார் நெத்தியிலதான ஒட்டச் சொன்னேன்."

வடநாட்டு வியாபாரிகள் ஆர்டர் பேச வந்திருந்த காலையில், மனைவியை விட்டுவிட்டுத் தனியாகவே ஓட்டிப் போனார். கம்பெனி வாசல் வரைக்கும் நன்றாகத்தான் போனார். அங்கே பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததில் கேட் தூணில் மோதி, ஒரு விளக்கு உடைந்து, பம்பர் உள்ளே போனது. வேலைக்கு வந்துகொண்டிருந்த செல்வலட்சுமி, "முதலாளி, ஆரன் அடிச்சா வாட்ச்மேன் தொறந்திருப்பாரே" என்றார். வாசலில் காத்து நின்ற வியாபாரிகளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்கள்.

அன்று மாலை பொன்னுத்தங்கம் கறாராகச் சொன்னார்: "இன்ஷூரன்ஸ் பணம் வந்தா நீங்களே ஓட்டுங்க. வரலேன்னா, லைசென்ஸ் எடுக்குற வரைக்கும் சாவி எங்கிட்ட. நான் ஓட்டுவேன், நீங்க உக்காந்து வருவீக."

"பொண்டாட்டி ஓட்ட நான் உக்காந்து போனா பஜார்ல என்ன பேசுவானுக?"

"அப்பப் பணத்த வாங்கிக் காட்டுங்க."

"கூடுன பாலிசி, தங்கம். வராம எங்க போகும்?" என்று சம்மதித்தார்.

சேதத்தைப் பார்க்க இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருவதாகத் தகவல் வந்ததும் கொள்கைப்படி போர்டு வெளியே வந்தது. நசுங்கிய பம்பரில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகத் தன் கையாலேயே ஒட்டினார்.

சர்வேயர் ஆர்த்தி சின்னப் பெண். குனிந்து, பம்பரை விரலால் தடவிப் பார்த்தார்.

"பம்பர் இவ்வளவு நசுங்கியிருக்கு, ஸ்டிக்கர்ல ஒரு கிழிசல்கூட இல்லையே சார்?"

"நம்ம சிவகாசிப் பிரிண்டிங்மா. அம்புட்டு லேசுல கிழியாது."

"கீறல் ஸ்டிக்கருக்கு இந்தப் பக்கம் நிக்குது. அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பிக்குது."

"நடுவுல படல போல."

ஆர்த்தி ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் உரித்தார். அடியில் கீறல் நிற்காமல் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. "சரி, பக்கத்துல யார் இருந்தாங்க?"

"எங்க வீட்டுல. லைசென்ஸ் வச்சிருக்கா. முத தடவயிலயே எடுத்துட்டாம்மா!" மனைவியின் லைசென்ஸைப் பற்றி வெளியாளிடம் வெள்ளைத்துரை வாய் திறந்ததும், அதுவும் பெருமையாகத் திறந்ததும், அதுதான் முதல் தடவை.

"நீங்க கார்ல இருந்தீங்களா மேடம்?" என்று பக்கத்தில் நின்ற பொன்னுத்தங்கத்தைக் கேட்டார் ஆர்த்தி.

வெள்ளைத்துரை மனைவியைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் அதட்டலும் பாதிப் பாதி இருந்தன.

"நான் இருந்திருந்தா அந்தத் தூணு தப்பிச்சிருக்கும்மா" என்றார் பொன்னுத்தங்கம்.

பணம் வரவில்லை. 'பம்பர் டு பம்பர்னு சொன்னான், தூணுன்னு சொல்லலயே' என்று சரவணக்குமாரைச் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்த் திட்டித் தீர்த்தார் வெள்ளைத்துரை. சாவி மட்டும் சொன்னபடி கைமாறியது.

இப்போது பொன்னுத்தங்கம் ஓட்டுகிறார். வெள்ளைத்துரை பின்சீட்டில். பஜார் வந்ததும் போனைக் காதில் வைத்து, "லோடு ஏத்தியாச்சா? ஏலே, எம்புட்டு நேரம்லே?" என்று கத்திக்கொண்டே வருவார். ஓட்டுவதற்கு நேரமில்லாத மனிதர் என்று கடைக்காரர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது காதிலேயே போன் மணி அடித்தது.

"எடுத்துப் பேசுங்க" என்றார் பொன்னுத்தங்கம், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நெசமாவே யாரோ கூப்பிடுறாக."