கூட வந்த ஆள்

டாக்டர் கேட்டது என்னைப் பற்றி. பார்த்தது என் வீட்டுக்காரரை.

"உறக்கம் எப்படி?"

"நல்லா உறங்குவா டாக்டர்," என்றார் அவர். படுத்தால் விடியும்வரை புரண்டுகூடப் படுக்காத மனிதர். பக்கத்தில் நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"சாப்பாடு?"

"அதுக்கு ஒரு குறையும் இல்ல. கடையிலயும் எல்லாவர்ட்டயும் சிரிச்சுதான் பேசுவா."

கோட்டாறில் எனக்குப் பூக்கடை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பூ விற்க முடியுமா? சிரிப்பேன். கை நிறையப் பிச்சிப்பூவை அள்ளினாலும் மணம் தெரியாது. சோறு மண் மாதிரி இறங்கும். ஏழு வயது மகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தால், வேறு யாரையோ பிடித்திருக்கிறாள் என்று தள்ளி நின்று பார்ப்பதுபோல இருக்கும். அதுதான் எனக்குப் பயம். இது எந்த ஸ்கேனில் தெரியும்? சொல்ல வாயெடுத்தால், "நீ சும்மா இரி, நான் சொல்லுதேன்" என்பார். கெட்டவர் இல்லை. எங்கள் ஊரில் நோயாளி பேசிவிட்டால் கூடப் போனவருக்கு மரியாதைக் குறைவு. சத்து மாத்திரையிலேயே ஒன்பது மாதம் போனது.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் தனியாகப் போனேன். நர்ஸ் சீட்டைத் திருப்பித் தந்தாள்.

"கூட ஆள் இல்லியா? விவரம் சொல்ல ஆள் வேணும்லா?"

வந்த ஆத்திரத்தில், பெஞ்சில் காத்திருந்த ஒரு அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். முன்பின் பார்த்ததில்லை. எங்கள் ஊர் வழக்கம் அறியாத தேங்காப்பட்டணத்துக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது.

"எனக்க அக்கா," என்றேன்.

டாக்டர் வழக்கம்போலக் கூட வந்தவரிடம் கேட்டார். "இவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அவளுக்க மனசுல உள்ளது எனக்கு எப்பிடி தெரியும் சாரே? அவள்ட்ட கேளுங்க."

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய தாளை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதினார். மனச்சோர்வு நோய், முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

மாத்திரை இரண்டு மாதத்தில் பிடித்தது. உறங்குகிறேன், சோறு இறங்குகிறது. ஆனால் அந்த ஒன்பது மாதத்தில் மகளும் எதையோ புரிந்துகொண்டிருக்கிறாள். இப்போது நான் கூப்பிட்டால் வருகிறாள். தானாக வருவதில்லை.