இரண்டு மணிகளும் ஒரு ஞாயிறும்

ஏழாம் வகுப்பில் எனக்குப் பெருக்கல் பறக்கும். வார்த்தைக் கணக்கு வந்தால் மட்டும் கவிழ்ந்துவிடுவேன். கேள்வியை யார் முழுக்கப் படிப்பது? கண்ணில் பட்ட எண்களைப் பொறுக்கி, எதையாவது செய்து, முதல் ஆளாகக் கையைத் தூக்கிவிடுவேன்.

அன்றைக்கு இரண்டு மணிகளைப் பற்றிய கணக்கு. ஒன்று ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும், மற்றது எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை. இப்போது சேர்ந்து அடித்தன. மறுபடி எப்போது சேரும்? நாற்பத்தெட்டு என்று கத்தினேன். பக்கத்தில் உட்காருகிறவள் கடலோரக் குப்பத்துப் பெண், எதிலும் அவசரம் கிடையாது. ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று ஒரு வரிசை எழுதினாள். கீழே எட்டு, பதினாறு என்று இன்னொன்று. இரண்டிலும் வந்த இருபத்துநாலில் வட்டம் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

"இன்னா கேக்கறான்னு படிக்கவே மாட்டியா நீ? நம்பரப் பாத்தா போதும், பெருக்கிக்கினே போற."

ரோஷத்தில் அன்று சாயங்காலமே எல்லாக் கேள்விகளையும் சத்தமாகப் படித்தேன். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் அந்த நேரம் எல்லோர் வீட்டிலும் பேச்சுக்குரல் கேட்கும். எங்கள் வீட்டில் என் குரல்தான். அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் ஷிப்ட். அம்மாவுக்கு விழுப்புரத்தில் டீச்சர் வேலை, மாற்றல் கிடைக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் வந்து, சாயங்கால பஸ்ஸில் போய்விடுவாள். அந்த நேரம் அப்பா டியூட்டியில் இருப்பார், இல்லையென்றால் தூங்குவார்.

படித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினேன். அப்பாவுக்கு எட்டு நாளுக்கு ஒருமுறை ஆஃப். அம்மா ஏழு நாளுக்கு ஒருமுறை வருகிறாள். இதுவும் அந்த மணிக் கணக்குதான். முந்தின மாதம் நாங்கள் குடிவந்த ஞாயிறு அப்பாவுக்கு ஆஃப். அங்கிருந்து இரண்டு வரிசை எழுதினேன். ஐம்பத்தாறில் சேர்ந்தது. மறுநாள் பக்கத்தில் உட்காருகிறவளிடம் காட்டினேன். விரல் வைத்துச் சரிபார்த்து, "கரீட்டு" என்றாள். காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

அந்த ஞாயிறு மூன்று தட்டு கழுவி வைத்திருந்தேன். காலை ஸ்டாஃப் பஸ்ஸில் அப்பா வந்தார். பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று படுத்தார். அம்மா வந்தாள், சமைத்தாள், சோறு ஆறியது. நான் அப்பாவின் தோளைத் தொடப் போனேன்.

"எழுப்பாதடி. ராத்திரி பூரா முழிச்சிருக்காரு."

இரண்டு பேரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு சாப்பிட்டோம். அம்மாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அப்பா எழுந்து உட்கார்ந்து, அம்மா வந்தாச்சா என்று கேட்டார்.

அப்போதுதான் குடிவந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அவர் கண் சிவந்துதான் இருந்தது. கட்டிவைத்த பெட்டிமேல் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். ஆஃப் என்பது எப்போதும் நைட் ஷிப்ட் முடிந்த காலையில்தான் தொடங்கும். அது எனக்குத் தெரியாததில்லை. கணக்கில்தான் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் கேட்டாள், விடை வந்ததா என்று. வந்தது, நான் கேட்ட கேள்விதான் தப்பு என்றேன். கிண்டல் பண்ணுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப இன்னொரு தபா கேளு" என்றாள்.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்டேன்: மூன்று பேரும் விழித்திருக்கும் ஞாயிறு எது? இரண்டு வரிசை எழுதினேன். அம்மா வரும் ஞாயிறுகள் ஒன்றில், அந்த மத்தியானம் அப்பாவுக்கு டியூட்டியா தூக்கமா என்பது மற்றதில். பக்கம் திருப்பியும் எழுதினேன். வட்டம் போட ஒரு நாளும் வரவில்லை.