ஊருக்கு ஒரு நிறம்

மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு வடிவமைத்துக்கொண்டிருந்தேன். சோழர் காலத்துப் போர் விளையாட்டு. படை, வரி, ஏரி எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, மதம் என் தலையில் விழுந்தது. அதைப் பற்றி என் மேலதிகாரிக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. கோயில் கட்டினால் பக்திப் புள்ளி ஏறும். புள்ளி நிறைந்தால் பக்கத்து ஊர் மதம் மாறும், வரைபடத்தில் அதன் நிறமும் மாறும். சைவம் மஞ்சள், வைணவம் நீலம், சமணம் வெள்ளை. சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கூட முதலில் பழைய பூச்சைச் சுரண்டிப் பார்ப்பார். இவருக்கு அந்தப் பொறுமையும் இல்லை.

நான் கடலோர மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். படகு இறங்க எங்களுக்கு ஒரு சாமி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேறொரு சாமி, அப்போதும் அடங்காவிட்டால் தர்காவில் ஓதிய தண்ணீர். அதனால் ஒரே ஊரில் பல தெய்வங்களை வைத்து, தேவைக்குத் தகுந்தபடி ஜனங்கள் இங்கும் அங்கும் போய்வருவதுபோல் ஒன்றைச் செய்து அனுப்பினேன்.

"ரொம்பக் குழப்பமா இருக்கு. ஊரைப் பாத்ததுமே யாரோடதுன்னு தெரியணும்" என்றார் மேலதிகாரி.

நேரில் பார்த்தால் புரியுமென்று அவரைச் சிதம்பரத்துக்கு வரச் சொன்னேன். மடிப்புக் கலையாத புது வேட்டியில் வந்து இறங்கினார். கோயிலுக்குள் ஓரிடத்தில் நின்றால் நடராஜரையும் கோவிந்தராஜப் பெருமாளையும் ஒருசேரத் தரிசிக்கலாம். அங்கே அவரை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். நான் ஆசையோடு காத்திருந்தேன்.

"சரி, கடைசில எது ஜெயிச்சுது?" என்றார்.

அதோடு விடாமல், கும்பிட்டுவிட்டுத் திரும்பிய ஒரு பெண்மணியை அவரே நிறுத்தினார். "அம்மா, நீங்க சைவமா, வைணவமா?"

"சைவந்தாங்க, வெள்ளிக்கெழம மட்டும். மத்த நாள்ல மீனு இல்லாம சோறு எறங்காது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

சிரிப்பை அடக்க நான் தூணைப் பார்த்தேன். மேலதிகாரியோ வேதவாக்கைக் கேட்டவர்போலத் தலையாட்டினார். அடுத்த வீடியோ கூட்டத்திலேயே அது விதியாகிவிட்டது: வெள்ளிக்கிழமைகளில் சைவப் புள்ளி இரட்டிப்பு.

"அவங்க சாப்பாட்டச் சொன்னாங்க சார்" என்றேன்.

"சாப்பாடு வரைக்கும் மதம் எவ்ளோ ஆழமா போயிருக்கு, பாருங்க" என்றார். மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு ஆமோதித்தார்கள்.

விளையாட்டு வெளியானது. செம்மங்குப்பம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்த என் கணவர் ஆர்வமாக ஆட உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா, இங்க வா. கோயிலக் கட்டுறதவிட இடிச்சா பாயிண்ட் ஜாஸ்தி வருதே. இது நீ வச்சதா?"

நான் வைக்கவில்லை. என் கையைவிட்டுப் போன பிறகு யாரோ சேர்த்திருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் சிதம்பரம் நீலமானது. ஊரில் மருந்துக்குக்கூட ஒரு மஞ்சள் ஆள் மிச்சமில்லை. என் கணவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயிண்ட்டும் இல்லியே. அந்த இடிக்கிற எடத்தத்தான் எல்லாரும் விரும்பி ஆடுறாங்க" என்றார். குரலில் அவ்வளவு பெருமை. போனை வைத்த கையோடு ராஜினாமாவை அனுப்பினேன்.

"சாமி விஷயத்துக்காகவா வேலய வுட்ட?" என்றார் என் கணவர்.

"சாமி அதுபாட்டுக்கு இருக்கும் மாமா. இந்த ஆளோட இன்னொரு மீட்டிங்ல ஒக்கார என்னால ஆவாது."

இப்போது வேறொரு கம்பெனியின் விவசாய விளையாட்டுக்கு மழை பெய்ய வைக்கிறேன். மழை யார் பக்கம் என்று இதுவரை எவரும் கேட்கவில்லை.