சரிகைக் கரை போட்ட கம்ப்ரஸர்

சென்ற வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்க வந்த மெக்கானிக், கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது, போர்டுதான் போய்விட்டது என்று சொல்லி, சமையலறை மேடையிலேயே சால்டரிங் வைக்க ஆரம்பித்தார். ஈயம் உருகும்போது குங்கிலியம் போல ஒரு வாசனை எழுமே, அது மூக்கில் ஏறியதும் எனக்கு ஃபிரிட்ஜ் மறந்துவிட்டது. பெரிய காஞ்சிபுரத்தில் குமரன் வீட்டு மாடியறைக்குப் போய்விட்டேன்.

நாங்களும் ஒரு கம்ப்ரஸர் செய்தோம். இது வேறு ஜாதி. பாடுகிறவர் குரல் எகிறும்போது அமுக்கிப் பிடிக்கிற ஒலிப்பதிவுக் கருவி. தெருவில் யாருக்கும் இது புரியவில்லை. பழைய ஃபிரிட்ஜ் கிடக்கிறது, வேண்டுமா என்று இரண்டு வீடுகளில் கேட்டார்கள்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். குமரன் தறிக்கார வீட்டுப் பிள்ளை, இணையத்தில் சர்க்யூட் படங்களைத் தேடித் தேடிப் படிக்கும் பைத்தியம். முசரவாக்கத்து ஸ்டெல்லா, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்டு பார்த்துக்கொண்டே பாடியவள். கருவி அவளுக்காகத்தான். வாய்ப்புக் கேட்டு சென்னையில் ஓர் இசைக்குழுவுக்குப் பாடி அனுப்பியிருந்தாள். சத்தம் உடைகிறது, குரலைக் கணிக்கவே முடியவில்லை, ஞாயிறு மாலைக்குள் நல்ல பதிவாக அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அவள் குரல் முணுமுணுப்பில் தொடங்கி உச்சத்தில் போய் நிற்கும். மைக்கை ஏற்றினால் உச்சம் கரகரக்கும், இறக்கினால் ஆரம்பம் இரைச்சலில் மூழ்கிவிடும். கடையில் இந்தக் கருவி விற்ற விலையை வாய்விட்டுச் சொல்லக்கூட எங்களுக்குத் தைரியமில்லை. நாமே செய்துவிடுவோம் என்றான் குமரன்.

விஷயம் எளிதுதான். ஒரு குட்டி பல்பு, அதற்கு எதிரே ஒரு சென்சார். குரல் ஏறினால் பல்பு பளிச்சென்று எரியும், அந்த வெளிச்சம் பட்டதும் சென்சார் சத்தத்தைக் குறைக்கும். இரண்டையும் குழாயில் அடைத்து, வெளிவெளிச்சம் புகாமல் மூட வேண்டும். கறுப்பு டேப் போதும். குமரனோ கறுப்புப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றினான். அதோடு விட்டானா? இரண்டு முனையிலும் சரிகையால் கரை போட்டான். கரை இல்லாமல் ஒரு பொருளை முடிக்க அவனுக்குக் கை வரவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த நானும் அழகாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்தேன்.

வியாழக்கிழமை ஸ்விட்சைப் போட்டோம். ஸ்டெல்லா பாடினாள். ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. ஐசியை மாற்றினேன், ஒயர்களை மாற்றினேன், எல்லா இணைப்பையும் மறுபடி பற்றவைத்தேன். சனிக்கிழமையும் அதே நிசப்தம். அவள் தினமும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து மைக் முன்னால் நிற்பாள், மறுபடி பாடட்டுமா என்று மட்டும் கேட்பாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை, மின்சாரம் ஓடும் வழி இருந்தால் பீப் அடிக்கும் மீட்டரை மேசையில் வைக்கப்போய், அதன் இரண்டு முனைகளும் அங்கே கிடந்த மிச்சச் சரிகை மேல் பட்டன. பீப் என்று கத்தியது. சரிகையில் வெள்ளியும் செம்பும் அல்லவா இருக்கிறது! மின்சாரம் அதில் ஜோராக ஓடும். குமரன் போட்ட கரை சென்சாரின் இரண்டு கம்பிக் கால்களையும் சேர்த்துக் கட்டி, குரலை முழுதாக அமுக்கிவிட்டிருந்தது. விஷயம் கேட்டு மேலே வந்த அவன் அப்பா மகனைத் திட்டுவார் என்று பார்த்தால், மீட்டரை வாங்கித் தானும் ஒருமுறை சரிகையில் வைத்துப் பார்த்தார்.

"நம்ம சரிகை அசலுப்பா" என்றார் பெருமையாக. பிறகு கீழே போய், நாங்கள் பதிவு செய்து முடிக்கும்வரை தறியை நிறுத்தி வைத்தார்.

கரையைப் பிரித்தோம். ஸ்டெல்லா பாடினாள். குரல் ஏறியது, ஏறியது, உடையவே இல்லை. மாலைக்குள் அனுப்பிவிட்டோம்.

பத்து நாள் கழித்து என் ஈமெயிலுக்குப் பதில் வந்தது: குரல் பொருந்தவில்லை. ஆறுதல் வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே நானும் குமரனும் முசரவாக்கத்துக்கு பைக்கில் போனோம். ஸ்டெல்லா என் போனை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"போன தபா என் குரலைக் கேக்கவே இல்ல. இந்தத் தபா கேட்டுட்டுத்தான் வேணாம்னுக்கிறாங்க" என்றாள். "அடுத்து எங்க அனுப்பலாம், அத்தப் பாருங்கப்பா."

ஏழு இடங்களில் வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடிப் பதிந்தோம். எட்டாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

குமரன் இப்போது பெங்களூரில். மாடியறை இருந்த இடத்தில் ஜவுளிக் கிடங்கு. என் லேப்டாப்பில் மென்பொருளாகவே இருபது கம்ப்ரஸர்கள் இருக்கின்றன, சொடுக்கினால் போதும். அன்று பதிந்த எட்டும் பழைய ஹார்ட் டிஸ்கோடு போய்விட்டன. எந்தக் கடையிலும் மீட்க முடியவில்லை. ஸ்டெல்லா இப்போது பிரமாதமாகப் பாடுகிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்போதே அப்படித்தான் பாடினாள் என்று போட்டுக்காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.