வயிற்றுப் பட்டையும் ஒரு சந்தேகக்காரரும்

முக்கூடல் பக்கம் எங்கள் குதிரையேற்ற மன்றத்தில் தடை தாண்டும் போட்டி நடக்கும் நாட்களில், மைதான வாசலில் அவர்தான் நிற்பார். பாதுகாப்புப் பொறுப்பு அவருடையது. ஒட்டிய கன்னம், எதையும் நம்பாத கண். சேணத்தைப் பிடித்திருக்கும் வயிற்றுப் பட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்காமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்.

ஒருமுறை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இறுக்கித்தான் கட்டியிருக்கேன், அண்ணாச்சி" என்றேன்.

"நீரு கட்டினீரு, சரி. குதிரை மூச்ச விட்டுட்டா? பட்டை போடுதப்ப வயித்த உப்பிக்கிட்டு நிக்கும்வே. பொறவு பைய விடும். பட்டை தொளதொளன்னு ஆயிரும். தாண்டுதப்ப சேணத்தோட கீழ கெடப்பீரு. யாரையும் நம்பாதேயும்."

சொல்லிக்கொண்டே அவரே பட்டையை இழுத்துக் கட்டி, குதிரையின் கழுத்தில் தட்டி அனுப்பினார்.

குதிரையை நடத்திக்கொண்டு கொஞ்ச தூரம் போனவன், என்னவோ உறுத்த, நின்று விரலை விட்டுப் பார்த்தேன். கையே தாராளமாக நுழைந்தது. திரும்பினால், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இறுக்கிட்டு ஏறும்வே" என்றார்.

அது குதிரையின் வேலையா, அவருடைய வேலையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கலாம்தான். அவர் சொல்லும் பதிலை எப்படி நம்புவது?