விமானத்துக்காக வெட்டிய புல்

2009 ஜூன் 13, சனிக்கிழமை, காலை பத்தேகால். மழை விட்டு வெயில். லண்டன், செவன் கிங்ஸ் வீட்டின் பின்வளவில், மகன் ஒழுங்கு செய்த ஆள் புல் வெட்டினான். அந்தப் பச்சை வாசத்தில் எனக்கு மறுபடி ஒன்பது வயதாயிற்று.

அப்பா எண்ணெய் தேடும் கம்பனியில் கிளாக்கர். பப்புவா நியூகினியின் சதுப்பு நிலத்தில், ரோட்டே இல்லாத ஒரு கிராமத்தில் இருந்தோம். விமானம் இறங்கும் புல்வெளியைச் சனிக்கிழமைதோறும் நாற்பத்தொரு பேர் கத்தியால் வெட்டினார்கள். கூலி கிடையாது. விமானம் வந்தால் மருந்து வரும், பள்ளிக்கூடம் வரும் என்று கம்பனி சொல்லியிருந்தது. எண்ணெய் கிடைக்கவில்லை, கம்பனி கிளம்பியது.

கடைசி விமானத்தில் நாங்கள் ஏறும்போது, என்னோடு விளையாடும் மேயாவைக் காய்ச்சலோடு தூக்கி வந்தார் அவள் தகப்பன். விமானி எல்லோரையும் பெட்டிகளையும் தராசில் நிறுத்தான், முடியாது என்று தலையாட்டினான்.

"பாரம் கூடிப்போச்சாம். ஏத்த ஏலாதாம்," என்றார் அப்பா.

"ஒரு பெட்டியை இறக்குங்கோவன்," என்றாள் அம்மா.

"அது கம்பனிச் சாமான். விசர்க்கதை கதையாதை, என்ர வேலை போயிடும்."

தகப்பன் மேயாவை நிழலில் கிடத்தினார். பிறகு கத்தியை எடுத்து வந்து, விமானச் சில்லுக்கு முன்னால் நீண்டிருந்த புல்லை வெட்டிவிட்டார். நாங்கள் பறந்தோம். மேயா பிழைத்தாளா என்று அப்பா ஒருநாளும் விசாரிக்கவில்லை.

புல் வெட்டியவன் கதவைத் தட்டினான். பன்னிரண்டடிப் புல்தரை, இருபது நிமிட வேலை. பதினைந்து பவுண்ட் கொடுத்தேன்.