நிலவுக்குக் காத்திருந்தவர்

எண்பதுகளில் ஒரு மாரிகாலம், ஜெர்மன் பேசும் கூர் நகருக்கு மேலே ஒரு மலைக் கிராமத்து விடுதியில் கோழிகளைப் பார்க்கும் வேலை கிடைத்தது. நரி ஏழு கோழிகளைக் கொண்டுபோய்விட்டது. இன்னொன்று போனால் நானும் போகவேண்டும் என்றார் முதலாளி. நரியைச் சுட வேட்டைக் காவலர் வந்தார். நரைத்த மீசை, பற்றவைக்காத பைப்பை எந்நேரமும் கடித்துக்கொண்டிருப்பார்.

வன்னியில் நாங்கள் தலையில் டோர்ச் கட்டித்தான் வேட்டைக்குப் போவோம். "நான் வெளிச்சம் பிடிக்கிறன், அவர் சுடட்டும்" என்றேன். சமையற்கார அண்ணை அதை ஜெர்மனில் சொன்னார்.

காவலர் மறுத்தார்.

"லைட் அடிச்சுச் சுடுறது சட்டப்படி பிழையாம். நிலவு வரட்டுமாம்" என்றார் அண்ணை.

"நிலவு வெளிச்சமில்லையோ அண்ணை?"

"நிலவிலை நரிக்கும் கண் தெரியுமாம். டோர்ச் அதின்ரை கண்ணை மறைச்சுப்போடுமாம். நரிக்கும் இஞ்சை விசா இருக்கடா, உனக்குத்தான் இல்லை."

அன்றிரவு மேகம் விலகவேயில்லை. கூட்டில் கோழி அலறியது. அவர் துப்பாக்கியைத் தூக்கி, இருட்டைப் பார்த்துவிட்டு இறக்கினார். டோர்ச் எங்கள் இருவருக்கும் நடுவே பெஞ்சில் கிடந்தது.

காலையில் நான் பையைக் கட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, எனக்காக முதலாளியிடம் அரைமணி நேரம் மன்றாடினார். பலனில்லை. அவ்வளவு மன்றாடிய மனிதர் டோர்ச்சை ஒருமுறை அழுத்தியிருக்கலாம்.